ரெண்டு சிலிண்டர் ஒண்ணை ஒண்ணு இழுக்குமா? ஈர்ப்பு விசை பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பதாவதுல இருந்து பதினொண்ணாவது வரைக்கும் படிக்கிற பசங்களுக்கு சாயங்காலத்துல இயற்பியல் சொல்லித்தர்றேன். வருஷா வருஷம் ஈர்ப்பு பாடம் வரும்போது யாராவது ஒரு பையனோ பொண்ணோ கேக்குற முதல் கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணுதான். "எல்லா பொருளும் எல்லா பொருளையும் இழுக்குதுன்னு புக்ல போட்டிருக்கு, அப்ப எங்க வீட்டுல பக்கத்து பக்கத்துல நிக்கிற ரெண்டு சிலிண்டர் ஏன் சார் ஒட்டிக்கல?" ரொம்ப நல்ல கேள்வி இது. இதுக்கு "விசை ரொம்ப கம்மிப்பா"ன்னு ஒரே வரியில சொல்லிட்டு போயிடுறதுதான் எனக்கு ஆகவே ஆகாது, ஏன்னா அந்தப் புள்ள மனசுல "கம்மி"ங்கிறது "இல்ல"ன்னு பதிஞ்சிடும், அப்புறம் அதை மாத்துறது கஷ்டம். அதனால பசங்க கேட்டது, அவங்க அப்பா அம்மா கேட்டது எல்லாத்தையும் சேர்த்து இங்க எழுதி வெக்கிறேன்.

சரி, அந்த சிலிண்டர் ஏன் ஒட்டிக்கல?

கணக்கு போட்டே பாத்துடலாம். வீட்டு சிலிண்டர்ல கேஸ் 14.2 கிலோ, இரும்பு கிட்டத்தட்ட 15 கிலோ சொச்சம், ஆக ரொம்பி இருந்தா ஒண்ணு சுமார் 30 கிலோ. ரெண்டையும் ஒட்டி நிக்க வெச்சா நடுவுக்கு நடு ஒரு 32 சென்டிமீட்டர் இருக்கும். ஃபார்முலால போட்டா வர்ற இழுப்பு சுமார் 0.6 மைக்ரோ நியூட்டன் (நியூட்டன்ங்கிறது விசையை அளக்குற அலகு), அதாவது ஒரு நியூட்டனை பத்து லட்சம் பங்கா போட்டா அதுல ஒரு பங்கு கூட முழுசா இல்ல. எடையா சொன்னா 60 மைக்ரோகிராம். ஒரு அரிசி சுமார் 20 மில்லிகிராம் இருக்கும், அந்த ஒத்தை அரிசியை முன்னூறு துண்டா வெட்டினா ஒரு துண்டு எவ்ளோ கனமோ அவ்ளோதான் ஒரு சிலிண்டர் இன்னொண்ணை இழுக்குற இழுப்பு.

இப்ப தரையைப் பாருங்க. உராய்வு எண் 0.3-னு வெச்சுக்கிட்டா 30 கிலோ சிலிண்டரை லேசா நகத்தவே 90 நியூட்டனுக்கு பக்கத்துல வேணும். இழுப்பை விட அது 15 கோடி மடங்கு பெருசு. சிலிண்டர் இழுக்காம இல்ல, இழுத்துக்கிட்டேதான் இருக்கு, தரை விட மாட்டேங்குது.

ஃபார்முலா மனப்பாடம் தெரியும், ஆனா புரியல. அது என்னதான் சொல்லுது?

விசை = ஜி × முதல் நிறை × ரெண்டாவது நிறை ÷ தூரத்தோட வர்க்கம். விஞ்ஞானி ஐசக் நியூட்டன் 1687-ல வெளியிட்ட விதி. நிறை ரெண்டும் பெருக்கல்ல இருக்கு, அதனால ஒண்ணை ரெண்டு மடங்காக்கினா விசையும் ரெண்டு மடங்கு. தூரம் கீழ வர்க்கத்துல இருக்கு, ரெண்டு மடங்கு தள்ளி வெச்சா விசை கால்வாசியா போயிடும், மூணு மடங்கு தள்ளினா ஒன்பதுல ஒரு பங்கு.

ஜி-ங்கிறது எங்கயும் மாறாத ஒரு எண், அதுதான் இதுல உயிர்நாடி. அதோட மதிப்பு 6.674 × 10-ன் அடுக்கு மைனஸ் 11. இதை நம்பரா மட்டும் பாக்காதீங்க, ஒரு படமா பாருங்க: ஒரு கிலோ படிக்கல் ரெண்டை ஒரு மீட்டர் தள்ளி வெச்சா அதுங்க ஒண்ணை ஒண்ணு இழுக்குற விசை 0.00000000006674 நியூட்டன். அந்த சைபர் அத்தனையும்தான் நம்ம வீட்டு சாமான் எல்லாம் வெச்ச இடத்துலயே இருக்குறதுக்கு காரணம்.

பெரிய பொருள் சின்னதை அதிகமா இழுக்கும், சின்னது பெருசை கம்மியா இழுக்கும், அப்படித்தானே?

இல்ல. இந்தப் பாடத்துலயே அதிகம் பேர் தப்பா வெச்சிருக்குற விஷயம் இதுதான், நல்ல மார்க் வாங்குற பசங்க கூட இதுல தடுமாறுறதை பாத்திருக்கேன்.

இழுப்பு ரெண்டு பக்கமும் சரிசமம். யானையும் எலியும் நின்னா யானை எலியை எவ்ளோ இழுக்குதோ அதே அளவு எலியும் யானையை இழுக்குது. ஃபார்முலாவையே பாருங்க, ரெண்டு நிறையும் பெருக்கல்ல இருக்கு, இடம் மாத்திப் போட்டாலும் விடை அதேதான். அதுல ஒரே ஒரு விசைதான் வருது, அது ரெண்டு பேருக்கும் பொதுவானது. ஒத்தைக் கயிறை ரெண்டு பேர் பிடிச்ச மாதிரி, கயித்துல இருக்குற இழுவிசை ஒண்ணுதான்.

அப்ப மாறுறது எது? அந்த விசையால யார் எவ்ளோ அசையுறாங்கங்கிறது. ஒன்றரை கிலோ தேங்காய் ஒண்ணு 10 மீட்டர் உயரத்துல இருந்து விழுதுன்னு வெச்சுக்கோங்க. பூமி அதை சுமார் 15 நியூட்டன்ல இழுக்குது, தேங்காயும் பூமியை அதே 15 நியூட்டன்ல மேல இழுக்குது. தேங்காய் 10 மீட்டர் கீழ வர்ற நேரத்துல பூமி மேல போற தூரம் அணுவுக்குள்ள இருக்குற ஒரு ப்ரோட்டானோட அகலத்துல கிட்டத்தட்ட நூறு கோடியில ஒரு பங்கு, ஏன்னா பூமியோட நிறை 6-க்கு பின்னாடி 24 சைபர் போட்ட கிலோ. யாராலயும் அளக்கவே முடியாத தூரம்தான், ஆனா கணக்குல அது சைபர் இல்ல. தேங்காய் மட்டும்தான் விழுதுன்னு நாம சொல்றோம், நிஜத்துல ரெண்டும் ஒண்ணை நோக்கி ஒண்ணு வருது.

ரெண்டு பொருளை ஒட்டி வெச்சா தூரம் சைபர் ஆகிடும், அப்ப விசை முடிவிலி ஆகணுமே?

தூரம்னா ஓரத்துக்கு ஓரம் இல்ல, உருண்டையான பொருளா இருந்தா நடுவுக்கு நடு. ரெண்டு குண்டு தொட்டுக்கிட்டு இருந்தாலும் நடுவுக்கு நடு தூரம் ரெண்டோட ஆரத்தையும் கூட்டினா வர்றது, அது எப்பவும் சைபர் ஆகாது. உருண்டைக்கு முழு நிறையும் நடுவுல இருக்குற மாதிரி நினைச்சு கணக்கு போடலாம்னு நியூட்டனே நிரூபிச்சு வெச்சிருக்கார். பெஞ்ச், புஸ்தகம், மனுஷன் மாதிரி உருண்டை இல்லாத பொருள் ரொம்ப கிட்ட இருந்தா இந்த ஃபார்முலா ஒரு தோராயம் மட்டும்தான், மேல சிலிண்டர் கணக்கும் அப்படித்தான்.

கூடவே ஒண்ணு சொல்றேன், எனக்கு ரொம்ப பிடிச்ச கணக்கு. ஒரே உலோகத்துல செஞ்ச ரெண்டு குண்டு தொட்டுக்கிட்டு இருக்கு. சைஸை மட்டும் ரெண்டு மடங்காக்கினா ஒவ்வொண்ணோட நிறையும் 8 மடங்கு, தூரம் 2 மடங்கு, ஆக விசை 8 × 8 ÷ 4, அதாவது 16 மடங்கு. சைஸ் கூட கூட ஈர்ப்பு இப்படி எகிறிக்கிட்டே போறதாலதான் மலை சைஸ்ல அது கண்ணுக்கு அகப்பட ஆரம்பிக்குது, நிலா சைஸ்ல அதோட ராஜ்ஜியம்தான்.

உராய்வே இல்லாத இடத்துல விட்டா ரெண்டு சிலிண்டரும் வந்து முட்டிக்குமா? எவ்ளோ நேரம் ஆகும்?

முட்டிக்கும். பூமி, சூரியன் எல்லாத்தையும் விட்டு எங்கயோ தூரத்துல, நடுவுக்கு நடு ஒரு மீட்டர் இடைவெளியில அசையாம விட்டுட்டு வந்தா, கிட்டத்தட்ட நாலரை மணி நேரத்துல தொட்டுக்கும். தொடுற நேரத்துல நெருங்குற வேகம் ஒரு செகண்டுக்கு 0.13 மில்லிமீட்டர்தான். சத்தம் கூட வராது. ஆனா நாலரை மணி நேரம்ங்கிறது எல்லாரும் நினைக்கிறதை விட ரொம்ப கம்மி, பசங்க கிட்ட கெஸ் பண்ணச் சொன்னா லட்சம் வருஷம்னு எல்லாம் சொல்லுவாங்க.

இதுல நியூட்டனுக்கே கணக்கு தப்பியிருக்கு. அவர் காலமான அப்புறம் 1728-ல வெளிவந்த ஒரு புத்தகத்துல, பூமி மாதிரியே அடர்த்தி உள்ள ஒரு அடி விட்டம் இருக்குற ரெண்டு உருண்டையை கால் இஞ்சு இடைவெளியில விட்டா, காத்தே இல்லாத இடத்துல கூட ஒண்ணு சேர ஒரு மாசத்துக்கு மேல ஆகும்னு எழுதியிருக்கார். இன்னைக்கு போட்டுப் பாத்தா அஞ்சரை நிமிஷம்தான் வருது! நீங்களே போடலாம், உருண்டை ஒண்ணு 81 கிலோ சொச்சம் வரும், கால் இஞ்சுங்கிறது 6.35 மில்லிமீட்டர். அந்த விதியை கண்டுபிடிச்சவருக்கே அன்னாட சைஸ் பொருள்ல ஈர்ப்பை ஆய்வுக்கூடத்துல பாக்க முடியும்னு தோணல, இந்த தப்பும் அந்த நினைப்புக்கு தோதா போச்சு. உண்மையான விடை அவர் கைக்கு வந்திருந்தா, யாராவது அப்பவே அளக்க கிளம்பியிருப்பாங்களோன்னு நான் அடிக்கடி யோசிப்பேன்.

விண்வெளி நிலையத்துல இதை செஞ்சு பாக்கலாமேன்னு கேப்பீங்க. முடியாது. அங்க பூமி ரொம்ப கிட்ட இருக்கு, சிலிண்டரை மேலயும் கீழயுமா ஒரு மீட்டர் தள்ளி விட்டா கீழ இருக்குறதை பூமி கொஞ்சம் அதிகமா இழுக்கும், மேல இருக்குறதை கொஞ்சம் கம்மியா இழுக்கும். அந்த சின்ன வித்தியாசமே சிலிண்டருங்க தங்களுக்குள்ள இழுத்துக்குறதை விட பல நூறு மடங்கு பெருசு.

டீ மேல நுரை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு போய் ஒட்டிக்குதே, தண்ணியில மிதக்குற கறிவேப்பிலை பாத்திர ஓரத்துக்கே போகுதே, அதெல்லாம் ஈர்ப்புதானா?

இல்லைங்க, அது பரப்பு இழுவிசை. மிதக்குற பொருளை சுத்தி தண்ணி லேசா வளைஞ்சு நிக்கும், ரெண்டு வளைவு கிட்ட வந்தா சேந்துக்கும், ஓரத்துலயும் அதே கதைதான். சீப்பை தலையில தேய்ச்சு பேப்பர் துண்டு கிட்ட கொண்டு போனா தாவி ஒட்டுறது நிலை மின்சாரம்.

விண்வெளி நிலையத்துல இருந்த டான் பெட்டிட்ங்கிற வீரர் 2003-வாக்குல ஒரு பிளாஸ்டிக் பையில உப்பு, சர்க்கரை, காப்பித்தூள்னு தனித்தனியா போட்டு குலுக்கிப் பாத்தார். துகள் எல்லாம் சில நொடியிலயே கட்டி கட்டியா சேந்துக்கிச்சு. பாத்ததும் ஈர்ப்புன்னுதான் தோணும், ஆனா உப்புக்கல் சைஸ்ல ஈர்ப்பு அவ்ளோ வேகமா எதையும் சேக்காது, அதுவும் மின்னூட்டத்தோட வேலைதான். கோள் எல்லாம் உருவாகுறப்போ தூசு முதல்ல எப்படி கட்டி சேந்துச்சுங்கிறதுக்கு இது ஒரு நல்ல துப்பு.

இவ்ளோ வீக்கான விசை எப்படி நிலாவையும் பூமியையும் பிடிச்சு வெச்சிருக்கு?

ரெண்டு ப்ரோட்டானை எடுத்துக்கிட்டா அதுங்க மின்சாரத்தால தள்ளிக்குற விசை, ஈர்ப்பால இழுத்துக்குறதை விட 1-க்கு பின்னாடி 36 சைபர் போட்ட மடங்கு பெருசு. நம்பவே முடியாத வித்தியாசம். ஆனா மின்னூட்டத்துல பிளஸ் மைனஸ்னு ரெண்டு ஜாதி இருக்கு, சாதாரணமா எந்தப் பொருளை எடுத்தாலும் ரெண்டும் சரிசமமா கலந்து ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு மிச்சம் ஒண்ணும் நிக்காது. நிறையில மைனஸ் கிடையாது. ஒவ்வொரு அணுவோட இழுப்பும் அடுத்ததோட கூடும், கழியவே கழியாது. சிறுவாட்டுக் காசு மாதிரி சேந்து சேந்து பூமி அளவுக்கு வரும்போது உங்களை நாற்காலியில உக்கார வெக்கிற விசையா நிக்குது.

நடுவுல சுவர் வெச்சா தடுக்குமா?

தடுக்காது. இரும்பு, ஈயம், கான்கிரீட் எதை வெச்சாலும் ஈர்ப்பு அப்படியே போகும், சுவரும் தன் பங்குக்கு தனியா இழுக்கும், அவ்ளோதான்.

இத்தனை சின்ன விசையை எப்படித்தான் அளந்தாங்க?

இதை நான் கிளாஸ்ல ஒரு முழு மணி நேரம் சொல்லுவேன், இங்க சுருக்க முயற்சி பண்றேன்.

ஜான் மிஷெல்னு ஒரு இங்கிலாந்து பாதிரியார், நிலவியல்லயும் வானியல்லயும் பெரிய ஆள், ஒரு கருவி செஞ்சார். அதை வெச்சு அளக்குறதுக்குள்ள 1793-ல காலமாகிட்டார். கருவி கைமாறி ஹென்றி கேவண்டிஷ்ங்கிற விஞ்ஞானி கிட்ட வந்துச்சு. அவர் அதுல பெரும்பகுதியை புதுசா செஞ்சு, 1797-98-ல, அறுபத்தாறு வயசுல, லண்டன்ல கிளாப்பம் பக்கம் இருந்த தன் வீட்டுல பரிசோதனை பண்ணினார்.

ஆறு அடி மரத்தண்டு, ரெண்டு முனையிலயும் 0.73 கிலோ ஈயக் குண்டு, அந்தத் தண்டை நடுவுல ஒரு மெல்லிசான கம்பியில தொங்க விட்டாச்சு. இதுதான் முறுக்குத் தராசு. இதோட சூட்சுமம் என்னன்னா, பூமியோட இழுப்பு கீழ் நோக்கி, அதை கம்பி தாங்கிக்கும், தண்டு பக்கவாட்டுல திரும்புறதுக்கு பூமி குறுக்க வராது. பக்கவாட்டுல எவ்ளோ சின்ன விசை வந்தாலும் தண்டு திரும்பும். இப்ப 158 கிலோ ஈயக் குண்டு ரெண்டை சின்ன குண்டுங்களுக்கு பக்கத்துல எதிரெதிர் பக்கமா கொண்டு வந்து நிறுத்தணும். தண்டு மெதுவா திரும்பும். முனை நகந்தது சுமார் 4 மில்லிமீட்டர். விசை அந்த சின்ன குண்டோட எடையில 5 கோடியில ஒரு பங்கு.

ஆள் பக்கத்துல போனாலே உடம்பு சூட்டுல காத்து அசைஞ்சு எல்லாம் கெட்டுடும். அதனால கருவியை ஒரு கொட்டகைக்குள்ள வெச்சு பூட்டிட்டு, வெளிய நின்னு கயிறு கப்பி வெச்சு பெரிய குண்டுங்களை நகத்தி, சுவர்ல ஓட்டை போட்டு டெலஸ்கோப் வழியா உள்ள இருக்குற அளவுகோலைப் படிச்சார். தண்டு ஒரு தடவை ஆடி முடிக்கவே முதல்ல போட்ட கம்பியில கால் மணி நேரத்துக்கு பக்கம் ஆகும். காத்திருந்து, எழுதி, திரும்ப காத்திருந்து, மறுபடி எழுதி.

அவர் தேடினது ஜி இல்ல, பூமியோட அடர்த்தி. தண்ணியை விட 5.48 மடங்குன்னு சொன்னார், பின்னாடி பாத்தா அவர் கூட்டல்ல ஒரு சின்ன பிசகு, திருத்தினா 5.448. இன்னைக்கு நமக்கு தெரிஞ்ச மதிப்பு 5.51. ஈயக் குண்டையும் கம்பியையும் வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் பூமியையே எடை போட்டுட்டார்னு சொல்றப்ப எனக்கு இன்னமும் குரல் மாறும்.

இன்னொரு விஷயம், இருநூறு வருஷத்துக்கு மேல ஆகியும் இயற்பியல் மாறிலிகள்ல ரொம்ப கம்மி துல்லியத்துல தெரிஞ்சது ஜி தான். வேற வேற ஆய்வுக்கூடம் அளக்குற மதிப்பு நாலாவது, அஞ்சாவது இலக்கத்துலயே ஒத்துப்போக மாட்டேங்குது.

மலை பக்கத்துல நின்னா மலை நம்மளை இழுக்குமா?

இழுக்கும், அளந்தும் இருக்காங்க. 1774-ல நெவில் மாஸ்கலின்ங்கிற இங்கிலாந்து வானியலாளர் ஸ்காட்லாந்துல ஷிஹாலியன்ங்கிற மலைக்கு ரெண்டு பக்கமும் தூக்குக்குண்டு தொங்க விட்டு நட்சத்திரத்தை வெச்சு சரிபாத்தார், குண்டு மலைப்பக்கம் சாய்ஞ்சிருந்துச்சு. ரெண்டு பக்கமும் சேர்த்து 11.6 விநாடிக் கோணம், ஒரு டிகிரியில 3600 விநாடி. கொத்தனார் சுவர் பாக்குற அதே தூக்குக்குண்டுதான்.

நம்ம ஊருக்கும் இதுல பங்கு உண்டு. 1802-ல மெட்ராஸ்ல பரங்கிமலை பக்கத்துல அடிக்கோடு (மத்த அளவுக்கெல்லாம் ஆதாரமா வெக்கிற முதல் கோடு) அளந்து ஆரம்பிச்ச பெரிய நில அளவை, பல வருஷம் கழிச்சு வடக்க போனப்போ, இமயமலையோட இழுப்பால அளவுல பிழை வந்திருக்கணும்னு கல்கத்தாவுல இருந்த ஜான் பிராட்ங்கிற பாதிரியார் 1855-ல கணக்கு போட்டார். சுமார் 15.9 விநாடி வரணும்னு அவர் கணக்கு, நிஜத்துல இருந்தது 5.2 தான். மலை ஏன் எதிர்பாத்ததை விட கம்மியா இழுக்குதுன்னு யோசிச்சதுல இருந்துதான் மலைக்கு அடியில கனம் கம்மியான வேர் இருக்குங்கிற கருத்து வந்துச்சு.

குழந்தை பொறக்குறப்போ சனி, குரு எல்லாம் இழுக்குதாமே? டாக்டரோட ஈர்ப்பு அதை விட அதிகம்னும் சொல்றாங்க, எது சரி?

பாதி பாதி சரி. 3 கிலோ குழந்தை, 60 கிலோ டாக்டர், நடுவுக்கு நடு 30 சென்டிமீட்டர்னு வெச்சா டாக்டரோட இழுப்பு சுமார் 0.13 மைக்ரோ நியூட்டன். சனி பூமிக்கு ரொம்ப கிட்ட வர்றப்போ கூட 0.08 தான். செவ்வாய் 0.04. ஆக இந்த ரெண்டையும் டாக்டர் ஜெயிச்சுடுறார். ஆனா வியாழன், அதாவது குரு, கிட்டத்தட்ட 1 மைக்ரோ நியூட்டன், டாக்டரை விட ஏழு மடங்கு. எந்தக் கிரகத்தை விடவும் டாக்டர்தான் அதிகம்னு பரப்புறவங்க கணக்கு போட்டுப் பாக்கல, மூடநம்பிக்கையை மறுக்குறதுக்கும் சரியான நம்பர்தான் வேணும்.

ஆனா இந்த எண்ணுக்கெல்லாம் குழந்தை மேல எந்த விளைவும் இல்ல. குருவோட இழுப்பு குழந்தை, அம்மா, கட்டில், ஆஸ்பத்திரி, பூமி எல்லாத்துக்கும் ஒரே மாதிரி முடுக்கம் குடுக்குது, எல்லாம் சேந்தே நகருது, அதனால யாருக்கும் ஒண்ணும் தெரியாது. சூரியன் அதே குழந்தையை 18,000 மைக்ரோ நியூட்டன்ல இழுக்குது, அதையே நாம உணரல.

பரீட்சையில எங்க மார்க் போகுது?

தூரத்தை வர்க்கம் பண்ண மறக்குறாங்க. சென்டிமீட்டரை மீட்டராவும் கிராமை கிலோவாவும் மாத்தாம விடுறாங்க. பெரிய ஜி-யையும், பொருள் கீழ விழுற முடுக்கமான 9.8-ங்கிற சின்ன ஜி-யையும் குழப்பிக்குறாங்க, பெருசு பிரபஞ்சம் முழுக்க ஒண்ணு, சின்னது அந்தந்த கிரகத்துக்கு மாறும். விடை 10-ன் அடுக்கு மைனஸ் 7, மைனஸ் 9-னு வந்தா பயந்து அடிச்சு எழுதுறாங்க, அடிக்காதீங்க, சாதாரண பொருளுக்கு அப்படித்தான் வரணும்.

இதுவரைக்கும் எவ்ளோ சின்ன பொருளோட ஈர்ப்பை அளந்திருக்காங்க?

2021-ல வியன்னாவுல ஒரு குழு 2 மில்லிமீட்டர் விட்டம் இருக்குற ரெண்டு தங்கக் குண்டை வெச்சு அளந்து வெளியிட்டாங்க, ஒண்ணு 90 மில்லிகிராம், நாலஞ்சு அரிசி எடை. கருவி கேவண்டிஷோட முறுக்குத் தராசோட வாரிசுதான், சைஸ் மட்டும் குட்டி. வெளிய ரோட்டுல வண்டி போற அதிர்வே அளவை கெடுத்துடும், அதனால ராத்திரியிலயும் கிறிஸ்துமஸ் லீவுலயும் ஊர் அடங்கினப்ப அளந்தாங்க.

வீட்டுல செஞ்சு பாக்கலாமா?

செய்யலாம், ஆனா பொறுமை வேணும். மெல்லிசான நூலோ கம்பியோ, ஒரு லேசான குச்சி, முனையில சின்ன ஈயக் குண்டு, பக்கத்துல கொண்டு வர கனமான பொருள். காந்தத்துல ஒட்டுற இரும்பு வேண்டாம், காந்த விசை உள்ள வந்து ஏமாத்தும். பிளாஸ்டிக்கையும் தவிர்த்துடுங்க, நிலை மின்சாரம் வரும். ஃபேனை நிறுத்தி, ஜன்னலை சாத்தி, எல்லாத்தையும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு, குச்சி ஆட்டம் அடங்கவே சில மணி நேரம் விடணும். அப்புறம் கனத்தை ஒரு பக்கம் வெச்சு நிலையை குறிச்சுக்கோங்க, மறுபக்கம் மாத்தி வெச்சு குறிச்சுக்கோங்க, ஒரு தடவை போதாது, பத்து தடவையாவது மாத்தி மாத்தி செய்யுங்க. ஒவ்வொரு தடவையும் குச்சி கனம் இருக்குற பக்கமே திரும்பினா மட்டும் நம்புங்க. ஒரு தடவை எதிர்ப்பக்கம் போனாலும் காத்தா, சூடா, மின்னூட்டமான்னு தேடிட்டு முதல்ல இருந்து ஆரம்பிங்க.